வாசகர் கேள்வி – பதில்: கதிரூட்டிய மிளகும் களத்து மிளகும்

உணவுப் பொருள்களைக் கதிரூட்டி, அதாவது கிருமி சாகவோ முளைப்பு நிற்கவோ கதிர்வீச்சைப் பாய்ச்சி, பதப்படுத்தும் 50 ஆலைகளைச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையில் அமைப்பதற்கு நிதியுதவி அளிக்கப்படும் என்று 2024-25ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதைப் பற்றி இப்பகுதியில் எழுதிய சிறு குறிப்புக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு மேலே இடுக்கியில் வாழும் தமிழ் வாசகர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். ஊர்களை மட்டும் குறிப்பிட்டு, பெயர்களை விட்டுவிட்டோம்.

வாசகி, சின்னமனூர்: ஐயா, கதிரியக்கம் பாய்ச்சிய வெங்காயத்தைச் சமைத்துச் சாப்பிட்டால் அந்தக் கதிர் வயிற்றுக்குள்ளும் போகாதா? பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாம் என்று போராடிய மாவட்டம் இதற்கு மட்டும் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கதிரியக்கம் என்பது ஒரு பொருள் தானாகவே கதிரை உமிழ்ந்துகொண்டிருக்கும் தன்மை; கதிர்வீச்சு என்பது அப்படி உமிழப்படும் கதிர். மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர் வீட்டில் உள்ளவர்கள் மீது எக்ஸ்ரே வீசுவதில்லை. கதிரூட்டிய வெங்காயத்தின் நிலையும் அதுவே. ஆலைகளில் பெரும்பாலும் பயன்படுவது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமாக் கதிர். அதன் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்னும் இரண்டு அளவுகளில் அமைந்திருக்கிறது. உணவில் உள்ள அணுக்கருக்களைக் கலைத்து அவற்றைக் கதிரியக்கம் உள்ளவையாக மாற்ற இந்த ஆற்றல் போதாது. எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் ஆலைகளுக்கு 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று உச்சவரம்பு வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான். உணவு உறிஞ்சும் கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்பது ஒரு கிரே. பத்தாயிரம் கிரே, அதாவது 10 கிலோகிரே கொடுத்தாலும், ஒரு கிலோ தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 2.4 டிகிரிதான் உயரும். கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்க அது போதும். மிளகை வேகவைக்கப் போதாது.

உலக நலவாழ்வு அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு, பன்னாட்டு அணுசக்தி முகமை ஆகிய மூன்றும் கூட்டிய வல்லுநர் குழு, சராசரியாக 10 கிலோகிரே வரை கதிரூட்டிய உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980இல் முடிவு சொன்னது. ஆயினும் எதிர்ப்பாளர்களுக்குச் சான்றே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. 1975இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குப் புதிதாகக் கதிரூட்டிய கோதுமையைக் கொடுத்தபோது இரத்த அணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை மிகுந்த செல்கள் தென்பட்டதாக எழுதினார்கள். ஒரு குழுவுக்கு ஐந்து குழந்தைகள், மொத்தம் பதினைந்து பேர் மட்டுமே அந்த ஆய்வில் இருந்தனர். பி.சி. கேசவன், பி.வி. சுகாத்மே ஆகியோர் அடங்கிய குழு தரவுகளை மறுபரிசீலனை செய்து, அந்த முடிவுக்கு அடித்தளம் போதாது என்று 1976இல் அறிக்கை அளித்தது. ஆஸ்திரேலியாவில் மிக உயர்ந்த அளவில் கதிரூட்டிய இறக்குமதித் தீவனத்தைத் தின்ற பூனைகள் பலவற்றுக்கு நரம்பு நோய் கண்டு, 2009இல் பூனைத் தீவனத்துக்குக் கதிரூட்டுவதை அந்நாடு நிறுத்தியது. பூனை அந்தத் தீவனம் ஒன்றையே நாள்தோறும் தின்றது; நாம் சாம்பாருக்கு அரைத் தேக்கரண்டி மிளகு சேர்க்கிறோம். வைட்டமின் பி1 போன்றவை ஓரளவு குறையும் என்பதும் உண்மை. ஆனால் வைட்டமினுக்காக எவரும் மிளகு சாப்பிடுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பொறுத்தவரை என் மனம் பெரிதும் அமைதியாகவே இருக்கிறது. அமைதியில்லாத இடம் களமும் சந்தையும். அதற்குக் கீழே வருகிறேன்.

நியூட்ரினோவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அங்கே எழுந்த கேள்விகளுள் முக்கியமானவை மலையைக் குடைவதையும் காட்டையும் பற்றியவை.

மிளகு விவசாயி, வண்டன்மேடு: வெளிநாட்டில் நம் மிளகில் கிருமி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களாம். கதிரூட்டும் ஆலை வந்தால் எங்களுக்குக் கிலோவுக்கு நாலு காசு கூடக் கிடைக்குமா?

கிருமி எங்கே சேருகிறது என்று முதலில் பாருங்கள். கொடியிலிருந்து பறித்த மிளகைச் சாணம் மெழுகிய களத்திலோ, தார்ச்சாலை ஓரத்தில் படுதா விரித்தோ காயப்போடுகிறோம். கோழி கிளறுகிறது, நாய் குறுக்கே ஓடுகிறது, நடுவில் ஒரு மழை பெய்தால் அள்ளிக் குவித்து மூடிவைக்கிறோம். சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி வர இதைவிட நல்ல வழி தேவையில்லை. இதற்கு மாற்றும் நமக்குத் தெரிந்ததுதான்: உதிர்த்த பச்சை மிளகைக் கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தரையில் படாமல் சுத்தமான பாயில் காயவைத்தால் கிருமி குறையும், நிறமும் ஒரே சீராகக் கருக்கும், காயும் நேரமும் குறையும்.

இப்படிச் செய்த மிளகை மலைச்சரக்குக் கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? கடைக்காரர் லிட்டர் எடை (ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்பது) பார்க்கிறார், ஈரப்பதம் பார்க்கிறார், விலையைச் சொல்கிறார். கிருமி எண்ணிக்கையை அங்கே எவரும் பார்ப்பதில்லை. உங்கள் சுத்தமான மூட்டையும், சாலையோரத்தில் கிடந்த மூட்டையும் ஒரே குவியலில் சேருகின்றன. கதிரூட்டல் நடப்பது இந்தக் கலப்புக்குப் பிறகு, ஏற்றுமதியாளரின் கிடங்கைத் தாண்டிய பின்னர்தான். அங்கே 6 முதல் 14 கிலோகிரே வரை கொடுத்துக் கிருமியைக் கொல்ல இந்திய விதி அனுமதிக்கிறது. ஆகவே ஆலையால் வரும் ஆதாயம் முதலில் சேரும் இடம் ஏற்றுமதியாளரின் கணக்கு. களத்தில் உழைத்தவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சுத்தத்துக்கான கூடுதல் விலை, எந்த மிளகையும் பின்னால் கழுவி எடுத்துவிடலாம் என்ற நிலை வந்ததும், கேட்கப்படாமலே போய்விடும். கதிரூட்டலைப் பற்றி எனக்கிருக்கும் முதன்மையான தயக்கம் இது. உடல்நலத்தைப் பற்றியது அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. வியட்நாமிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் மிளகு கொச்சித் துறைமுகத்துக்குப் புதியதன்று. மலிவு இறக்குமதியால் விலை சரிகிறது என்று விவசாயிகள் முறையிட்டதால்தான் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு நிர்ணயித்தது. கிருமி நீக்கும் வசதி அருகிலேயே பெருகினால், எந்த நாட்டு மிளகையும் கொண்டுவந்து பதப்படுத்தி ஏற்றுமதி செய்வது எளிதாகும். இடுக்கி மிளகுக்கென்று இருக்கும் மணமும் காரமும் அந்தக் குவியலில் எத்தனை நாள் தனித்து நிற்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதற்காக ஆலையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. இதற்கு மாற்றாக இதுவரை பயன்பட்டு வந்த எத்திலீன் ஆக்சைடு என்ற வாயு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடைசெய்து பல்லாண்டுகள் ஆகின்றன. 2024இல் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றை விற்பனையிலிருந்து விலக்கியதும் அந்த வாயுவின் எச்சம் காரணமாகவே. அந்த வாயுவோடு ஒப்பிட்டால் கதிரூட்டல் எச்சம் எதையும் விட்டுச்செல்லாத முறை. மூன்றாவது வழி நீராவி. அது ஆவியாகும் எண்ணெயில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்தச் சந்தையிலும் தனி முத்திரை கேட்காது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தன் உறுப்பினர்களின் மிளகைத் தனியாகக் காயவைத்து, தனியாகவே மூட்டை கட்டி, நீராவிக்கோ கதிரூட்டலுக்கோ தன் பெயரில் அனுப்பினால் மட்டுமே நீங்கள் கேட்கும் நாலு காசு உங்கள் கைக்கு வரும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: நான் இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். என் மிளகைக் கதிரூட்டலாமா?

கூடாது. இந்தியாவின் இயற்கை வேளாண்மைத் தரநிலையும், அமெரிக்க, ஐரோப்பியத் தரநிலைகளும் கதிரூட்டலை ஏற்பதில்லை. ஒருமுறை கதிரூட்டினால் அந்த மூட்டை சாதாரண மிளகாகிவிடும்; மூன்றாண்டு பொறுத்துப் பெற்ற சான்றிதழின் பலன் அந்த மூட்டைக்கு இல்லை. வாங்குபவர் கிருமி நீக்கம் கேட்டால், எந்த முறை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாதவர்களும் ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது கவனமாக இருக்க வேண்டும். அங்கே மசாலாப் பொருள்களுக்கு 10 கிலோகிரேதான் வரம்பு; அதுவும் அவர்கள் ஒப்புதல் அளித்த ஆலையில் நடந்திருக்க வேண்டும். நம் விதிப்படி சரியாக 12 கிலோகிரே கொடுத்த சரக்கு அங்கே விதிமீறல்.

ஏலக்காய் வியாபாரி, போடிநாயக்கனூர்: ஏலக்காய்க்கும் இது உதவுமா?

பெரிதாக உதவாது. ஏலக்காய் ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் சூட்டில் உலர்ந்து வருவதால் கிருமித் தொல்லை மிளகு அளவுக்கு இல்லை. அதன் தொல்லை மருந்து. தண்டுத் துளைப்பான், இலைப்பேன் என்று ஆண்டு முழுவதும் தெளிக்கும் பூச்சிமருந்தின் எச்சத்தைக் காரணம் காட்டிச் சவூதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பியதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். காமாக் கதிர் உயிருள்ளதைக் கொல்லும், ரசாயனத்தைத் துடைக்காது. பூஞ்சை ஏற்கெனவே சுரந்துவிட்ட அஃப்லாடாக்சின் நஞ்சையும், அனுமதிக்கப்பட்ட அளவுக் கதிரால் போக்க முடியாது. புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் எச்சப் பரிசோதனை முடிந்த குவியலுக்குத் தனி விலை கிடைக்கும்படி செய்வது, கோடிக்கணக்கில் செலவாகும் ஓர் ஆலையைவிட ஏலக்காய்க்கு நல்லது.

விவசாயி, ஆண்டிபட்டி: சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து, விலை வரும்போது விற்பேன். மீதியை விதைக்கு எடுத்துக்கொள்வேன். முளைக்காமல் இருக்கக் கதிரூட்டலாம் என்கிறார்களே?

உங்கள் கடிதத்தின் கடைசிச் சொற்களிலேயே பதில் இருக்கிறது. முளைக்காமல் இருப்பதற்காகத்தான் கதிரூட்டுகிறார்கள். அப்படியிருக்க அந்த வெங்காயம் விதைக்கு எப்படி ஆகும்? கிழங்கு, குமிழ் வகைகளுக்கு விதி அனுமதிக்கும் அளவு 0.02 முதல் 0.2 கிலோகிரே வரைதான். மிளகுக்குக் கொடுப்பதில் நூறில் ஒரு பங்குகூடப் பல நேரங்களில் இராது. அந்தச் சொட்டுக் கதிரே முளைக்கருவின் செல் பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிடும். பெரிய வெங்காயத்தை நாற்றுவிட்டு வளர்க்கும் நாசிக் விவசாயிக்கு இது இழப்பன்று, ஏனெனில் அவர் விதைப்பது விதையை. நம் ஊரில் சின்ன வெங்காயத்தைக் காயாகவே நடுகிறோம். ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கிய வெங்காயத்தை நட்டுப் பிழைப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. கதிரூட்டிய வெங்காயம் பெயரில்லாமல் அந்தச் சந்தைக்குள் நுழைந்தால், நட்டவர் தண்ணீர் பாய்ச்சிக் காத்திருந்து, தோண்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொள்வார். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் இதே ஆபத்து உண்டு. மலையில் இஞ்சி போடுபவர்கள் விதை இஞ்சியைத் தெரிந்த தோட்டத்திலிருந்தே வாங்குங்கள்.

சேமிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் எதிர்பார்ப்பு மிகுதி. மகாராஷ்டிரத்தின் லாசல்காவ்னில் 2002இலிருந்தே வெங்காயத்துக்கான கதிரூட்டும் நிலையம் இருக்கிறது. 2023இல் மத்திய அரசு தன் இருப்பு வெங்காயத்தில் 150 டன்னை அங்கே சோதனையாகக் கதிரூட்டியது. இருபது ஆண்டுகள் ஆன பிறகும் சோதனை என்ற சொல் நீங்காததற்குக் காரணங்கள் எளியவை. வெங்காயம் அறுத்து உலர்ந்து, உறக்கநிலையில் இருக்கும் சில வாரங்களுக்குள் கதிரூட்ட வேண்டும். முளைக்கத் தொடங்கிய பிறகு கொடுத்தால், உள்ளே இருக்கும் குருத்து பழுப்பாகிச் செத்துக் கிடக்கும். கதிர் முளைப்பதை நிறுத்துமே தவிர, அடிபட்ட வெங்காயம் அழுகுவதையும், காற்றில் எடை குறைவதையும் நிறுத்தாது. மூட்டையை ஆலைக்கு ஏற்றி இறக்கும்போது படும் அடி இன்னும் சில காய்களை அழுகவைக்கும். ஆகவே ஆண்டிபட்டியில் இருக்கும் உங்களுக்கு, காற்று நுழையும்படி தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நல்ல பட்டறையே இன்றைக்கு உகந்தது.

திராட்சை விவசாயி, கம்பம்: பன்னீர் திராட்சைக்கு?

தேவையில்லை. இன்று வெட்டியது நாளை கேரளச் சந்தையில் விற்றுவிடுகிறது. கதிரூட்டி நாள் நீட்டிப்பதற்கு நாளே இல்லை.

மாந்தோப்பு உரிமையாளர், பெரியகுளம்: அமெரிக்காவுக்கு மாம்பழம் போகக் கதிரூட்டல்தான் வழி என்று படித்தேன். நம் இமாம்பசந்துக்கும் அந்த யோகம் உண்டா?

வழி அதுதான். மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டைச் சுடுநீரால் கொல்ல முடியாது. 400 கிரே கதிர் அது பெருகாதபடி செய்துவிடும். நீண்ட காலம் மூடியிருந்த அமெரிக்கச் சந்தை, கதிரூட்டல் நிபந்தனையோடு 2007 ஏப்ரலில் திறந்தது. இரு நாடுகளின் அணுசக்தி உடன்பாட்டுப் பேச்சோடு சேர்ந்தே இந்த மாம்பழப் பேச்சும் நடந்தது என்பதால், அணுவுக்கும் மாம்பழத்துக்கும் அன்றைய செய்தித்தாள்களில் நிறைய சிலேடை கிடைத்தது.

ஆனால் யோகம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். நாட்டில் ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் மா விளைகிறது. அமெரிக்காவுக்குப் போவது சில ஆயிரம் டன் மட்டுமே. பழம் அமெரிக்க அரசு ஏற்ற ஆலையில், அவர்களுடைய அலுவலரின் மேற்பார்வையில் கதிரூட்டப்பட வேண்டும். அந்த மேற்பார்வையின் செலவையும் நம் தரப்பே ஏற்க வேண்டும். பிறகு விமானக் கட்டணம். 2025 மே மாதத்தில் நவி மும்பையில் கதிரூட்டி அனுப்பிய 15 சரக்குகளை, கதிரூட்டியதற்கான ஆவணத்தில் குறை இருப்பதாகச் சொல்லி அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்தினார்கள். திருப்பிக் கொண்டுவரும் செலவு பழத்தின் விலையை மிஞ்சியதால் அங்கேயே அழிக்கவேண்டியதாயிற்று. பழத்தில் குறை இல்லை, தாளில்தான் குறை. இந்த அடியைத் தாங்கும் வசதி பெரிய ஏற்றுமதியாளருக்கு இருக்கலாம். பத்து ஏக்கர் தோப்புக்காரருக்கு இல்லை. மேலும், இமாம்பசந்தின் மெல்லிய தோல் நெடும்பயணத்துக்கு ஏற்றதன்று. ஜப்பான் கேட்பது வெந்நீராவி முறையை, ஐரோப்பா ஏற்பது சுடுநீர் முறையை. ஒரு நாட்டை நம்பி ஒரே முறைக்கு ஆலை கட்டுவதைவிட, பறித்த பழத்தைத் தரம் பிரித்துக் குளிரூட்டும் கூடம் ஒன்று உங்கள் ஊருக்கு முன்னுரிமை என்பேன்.

தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியார்: எங்கள் பக்கம் இப்படி ஓர் ஆலை வந்தால், எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் கூலி வேலைக்குப் போவார்கள். அது அணு உலை போல வெடிக்குமா அம்மா என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

வெடிக்காது என்று துணிந்து சொல்லுங்கள். அது அணு உலை அன்று, அதில் தொடர்வினை நடப்பதில்லை. எஃகு உறைக்குள் அடைத்த கோபால்ட் குச்சிகள் வேலை இல்லாத நேரத்தில் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியிருக்கும்; வேலை நேரத்தில் தடித்த கான்கிரீட் அறைக்குள் மேலே வரும்; சரக்குப் பெட்டிகள் அவற்றைச் சுற்றிச் செல்லும். ஊருக்கு அதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆபத்து அந்த அறைக்குள் நுழையும் தொழிலாளிக்கு.

1989 பிப்ரவரியில் எல் சால்வடார் நாட்டில், மருத்துவப் பொருள்களைக் கதிரூட்டும் ஆலை ஒன்றில் கோபால்ட் குச்சிகளைத் தாங்கும் சட்டகம் மேலேயே சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க மூன்று தொழிலாளர்கள் உள்ளே போனார்கள்; அவர்களில் ஒருவர் இறந்தார், மற்ற இருவரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பாதுகாப்புப் பூட்டுகள் பழுதாகி, அவற்றை ஏமாற்றி வேலை செய்யும் பழக்கம் அங்கே ஊறிப்போயிருந்தது. நம் நாட்டிலும் 2010இல் டில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்கு, ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கதிரூட்டும் கருவி கோபால்ட்டோடு போய்ச்சேர்ந்தது; அதை உடைத்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார். கோபால்ட்-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டுகள். ஆலை மூடப்பட்ட பிறகும் பல்லாண்டுகளுக்கு அதற்குக் காவல் வேண்டும். ஆகவே ஆலை வந்தால் ஊராட்சியில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, உள்ளே வேலை செய்பவருக்குக் கதிர் அளக்கும் பட்டை தரப்படுகிறதா, ஒப்பந்தக் கூலிக்கும் பயிற்சி உண்டா, நிறுவனம் நொடித்தால் கோபால்ட்டைத் திருப்பி எடுத்துப்போகும் பொறுப்பு யாருடையது? மின்சாரத்தால் எலக்ட்ரான் கற்றையை உண்டாக்கும் ஆலைகளில் இந்தத் தொல்லை இல்லை; சுவிட்சை அணைத்தால் கதிரும் அணைந்துவிடும். மின்தடைக்குப் பேர்போன மலையில் அது ஒழுங்காக ஓடுமா என்பது வேறு கேள்வி.

மளிகைக் கடைக்காரர், கூடலூர்: வாடிக்கையாளர் கேட்டால் எது கதிரூட்டியது என்று நான் எப்படிக் காட்டுவது?

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் இரண்டு இலையும் ஒரு புள்ளியும் வைத்த பச்சை முத்திரை இருக்க வேண்டும். கதிர்வீச்சால் பதப்படுத்தப்பட்டது என்ற வாசகமும், கதிரூட்டிய நாளும், ஆலையின் உரிம எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாக்கிலிருந்து அள்ளி எடை போட்டுத் தரும் மிளகுக்கும் வெங்காயத்துக்கும் இவற்றில் எதுவும் இராது. மொத்தக் கடையில் வாங்கும்போதே சாக்கின் மேல் இருந்த அச்சைப் பார்த்து, முத்திரை இருந்தால் அந்தச் சாக்கைத் தனியாக வையுங்கள். முக்கியமாக, உங்களிடம் விதைக்கென்று சின்ன வெங்காயமோ இஞ்சியோ கேட்டு வருபவருக்கு அந்தச் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.